மாமன் இறங்க மாட்டேங்கிறாக

நில அளவைத் துறையில் இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கிறேன். நடப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அப்படிப்பட்டவனுக்கு வாய்த்த வியாதி வலது கால் கட்டை விரலில் வந்து உட்கார்ந்திருக்கிறது. ரத்தத்தில் யூரிக் ஆசிட் கூடிப்போய், மூட்டில் உப்பாகப் படிந்து, அதற்குத் தோன்றிய நாளில் கிளம்பும். டாக்டர் கவுட் என்றார். மாதக்கணக்கில் ஒன்றும் இருக்காது. வியாதி இருப்பதே மறந்துபோகும். பிறகு ஒரு விடியற்காலையில், மேலே கிடக்கும் போர்வையின் நுனி விரலில் பட்டாலே உயிர் போகும்.

போன ஆவணியில் இந்த விரலையும் கூட்டிக்கொண்டு கம்பம் பள்ளத்தாக்குக்குப் போய் வந்தேன். என் தங்கை வசந்தியைக் கட்டிக்கொடுத்திருப்பது அனுமந்தன்பட்டியில். திருவாரூர்ப் பெண்ணும் அனுமந்தன்பட்டிப் பையனும் திருப்பூரில் ஒரே பனியன் கம்பெனியில் வேலை பார்த்தபோது பழகி, பிறகு இரண்டு வீட்டிலும் பேசி முடித்த கல்யாணம். அவளுடைய மகள் யாழினிக்கு மூன்று வயது. மொட்டை போட்டுக் காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். யாழினிக்கு நான் ஒருவன்தான் மாமன்.

இதே வீட்டில் நாலு வருடம் முன்பு மூத்தவன் கவினுக்குக் காது குத்தினார்கள். அழைப்பிதழில் என் பெயரை விட்டுவிட்டார்கள். எனக்குக் கோபம் வந்தது. வசந்தியிடம் போனில் நாலு வார்த்தை கூடுதலாகப் பேசினேன். பேசியதோடு போயிருக்கும். ஆனால் விசேஷத்துக்கு முதல் நாள் விரல் கிளம்பிவிட்டது. கால் வலி, வர முடியவில்லை என்று சொல்லியனுப்பினேன். ஒருத்தரும் நம்பவில்லை. கோபித்துக்கொண்ட மாமன் சொல்லும் சாக்குகளில் முதல் சாக்கே கால் வலிதானே! கவின் யாரோ தூரத்துச் சொந்தக்காரர் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டான்.

அன்றிலிருந்து வசந்தியின் கணவர் பாண்டி என்னிடம் பேசுவதில்லை. போனை எடுத்தால், “இருங்க, அவகிட்ட குடுக்கிறேன்” என்று கைமாற்றிவிடுவார். இந்த முறையும் நான் போகாவிட்டால் வசந்திக்குப் பிறந்த வீடு என்று ஒன்று இல்லாமல் போய்விடும். அது எனக்கு நன்றாகவே தெரிந்தது. என் மாமியாரின் கண் ஆபரேஷனுக்காக என் மனைவி தாய் வீட்டில் தங்க வேண்டியிருந்ததால், சீர்ச் சாமான்களைப் பையில் கட்டிக்கொண்டு தனியாகக் கிளம்பினேன்.

முதல் நாள் மத்தியானம் தேனியில் இறங்கினேன். நல்ல பசி. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மெஸ். உட்கார்ந்ததும் பரிமாறுகிறவர் இலையைத் துடைத்துக்கொண்டே, “அண்ணே, ஈரல் இருக்கு, குடல் இருக்கு, தலைக்கறி இருக்கு. எத வைக்கட்டும்?” என்றார். டாக்டர் எனக்கு எழுதிக் கொடுத்த ஆகாத பட்டியலை அதே வரிசையில் ஒப்பித்தது போல இருந்தது. மோர் இருக்கிறதா என்று கேட்டேன். அவர் முகம் விழுந்துவிட்டது. “ஒடம்புக்கு என்னண்ணே?” என்றார். யூரிக் ஆசிட் என்றேன்.

அவர் கல்லாப் பக்கம் திரும்பி, “மொதலாளி, ஒங்க சீக்குதான் இவுகளுக்கும்!” என்று கத்தினார். சாப்பிட்டுக்கொண்டிருந்த எல்லாரும் என் காலைப் பார்த்தார்கள். கல்லாவில் இருந்த பெரியவர் எழுந்து வந்தார். ஒரு காலில் செருப்பு, மற்றக் காலில் பழைய துணி. எனக்கு எதிரே உட்கார்ந்து, “எந்தக் காலு?” என்றார். பிறகு இரண்டு பேரும் அரை மணி நேரம் விரலைப் பற்றிப் பேசினோம். இதைப் பேச ஆள் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது இந்த வியாதி வந்தவனுக்குத்தான் தெரியும். மற்றவர்கள் ‘விரல் வலிதானே’ என்பார்கள்.

“ஊருக்கெல்லாம் ஈரல் வறுத்துப் போடுறேன். நான் தின்னு ரெண்டு வருசமாச்சு” என்றார் அவர். “வாசன ஒண்ணும் செய்யாதுன்னு டாக்டர் சொல்லிட்டாக. அதனால அடுப்புப் பக்கத்துல போயி நின்னுக்கிடுவேன். நீங்க தெனம் போடுற மாத்திரைய மட்டும் விட்றாதீக.”

சரி என்று தலையை ஆட்டினேன். விட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. வலிதான் இல்லையே, எதற்கு மாத்திரை என்று நானே முடிவு செய்து நிறுத்தியிருந்தேன். அரைகுறை அளவையாளன் நிலம் அளக்கிற சங்கிலியைப் பிடித்த கதை.

கம்பம் பஸ் வீரபாண்டியைத் தாண்டி, சின்னமனூருக்கு முன்னாலேயே பஞ்சரானது. எல்லாரும் இறங்கித் தென்னை நிழலில் நின்றோம். எங்கள் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அடிவானம் வரை மட்டம். கண் எங்கேயும் முட்டாது. இங்கே இரண்டு பக்கமும் மலை சுவர் வைத்திருக்கிறது. நடுவில் வயலும் வாழையும் திராட்சைப் பந்தலும். காற்று அடிக்கிற அடியில் வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டியிருந்தது. வாய்க்காலில் தண்ணீர் போகிற வேகத்தைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. மேட்டூரில் எப்போது திறப்பார்கள் என்று ஜூன் மாதம் பூராவும் செய்தி பார்க்கிற ஊர்க்காரன் நான். பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள், “எந்த ஊருக்கு, விசேசமா?” என்றார். காதுகுத்து, நான்தான் மாமன் என்றேன். “அப்ப நீங்க இல்லாம ஒண்ணும் நடக்காது. மெதுவாப் போங்க” என்றார்.

அனுமந்தன்பட்டியில் இறங்கியதும் திகைத்துப்போனேன். நிறுத்தத்துக்கு எதிரே பத்தடிக்கு ஒரு பிளக்ஸ். நடுவில் தலை நிறைய முடியோடு யாழினி. ஓரத்தில் அவளைவிடப் பெரிதாக நான். என் கல்யாண போட்டோவிலிருந்து தலையை மட்டும் வெட்டி எடுத்திருந்தார்கள். ‘தாய்மாமன், திருவாரூர் சுந்தரேசன்’ என்று மஞ்சள் எழுத்தில் போட்டிருந்தது. போன முறை பத்திரிகையில் விட்டதை இந்த முறை ரோட்டிலேயே எழுதிவிட்டார்கள். சந்தோஷப்பட வேண்டியவன்தான். ஆனால் அதை நிமிர்ந்து பார்க்காமல் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

வீட்டு வாசலில் பாண்டி நின்றிருந்தார். “வாங்க” என்றார். பையை வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான். ராத்திரி இட்லியோடு முடிந்தது. வசந்திதான் ஓயாமல் பேசினாள்.

இரண்டாம் நாள் காலையில் எல்லாரும் வீரபாண்டிக்குப் போனோம். கௌமாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு வந்து ஆற்றில் கால் நனைத்தேன். மத்தியானம் பாண்டி தன் திராட்சைத் தோட்டத்தைக் காட்ட அழைத்துப்போனார். வாய் திறந்து என்னைக் கூப்பிட்டவன் கவின்தான்; பாண்டி முன்னால் நடந்தார். பந்தலுக்குக் கீழே குனிந்து நடக்க வேண்டும். கொத்துக் கொத்தாகக் கறுத்த பன்னீர் திராட்சை தலையில் இடித்தது. கவாத்து வெட்டி எத்தனை நாளில் காய்க்கும், மழை பெய்தால் எப்படி வெடிக்கும் என்றெல்லாம் பாண்டி சொன்னார். எல்லாவற்றையும் கொடியைப் பார்த்தே சொன்னார். நானும் கொடியைப் பார்த்தே கேட்டுக்கொண்டேன்.

சாயங்காலம் நாட்டுக்கோழி அடித்திருந்தார்கள். வசந்தி எனக்கு மட்டும் கேட்கும்படி, “அண்ணே, அவரே போய்ப் பிடிச்சாந்த கோழி. நீ கை நனைக்கலன்னா மனசுல வச்சுக்கிடுவாரு” என்றாள். ஒரு வீட்டில் சாப்பிடாமல் எழுந்தால் அந்த வீட்டோடு பகை என்று அர்த்தம். அது திருவாரூரிலும் அப்படித்தான். ஒரு துண்டு போதும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். மிளகும் சின்ன வெங்காயமும் அரைத்துவிட்ட குழம்பு. பாண்டி ஈரலைத் தேடி எடுத்து என் இலையில் வைத்தார். நாலு வருடத்துக்குப் பிறகு அவர் எனக்கு மனமிறங்கிச் செய்த முதல் காரியம் அது. சாப்பிட்டேன். அதற்கு மேலும் இரண்டு தடவை குழம்பு கேட்டு வாங்கினேன். பழியை எதற்கு அவர் மேல் போட வேண்டும்? நாக்கு என்னுடையது.

மூன்றாம் நாள் விடியும்போது விரல் என்னை எழுப்பிவிட்டது.

முதலில் விரலுக்குள் யாரோ மெதுவாகத் திருகுவது போல இருக்கும். அப்புறம் சூடு. அப்புறம் அந்த விரல் மட்டும்தான் உலகத்தில் இருக்கும். மின்விசிறிக் காற்று பட்டதையே தாங்க முடியவில்லை. எழுந்து அதை நிறுத்தவும் முடியவில்லை. பையைத் துழாவி வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். அது வேலை செய்ய மத்தியானம் ஆகும். முகூர்த்தம் ஒன்பதரைக்கு.

அங்கேதான் நான் முட்டாள்தனம் செய்தேன். சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ‘கால் வலி’ என்ற சொல்லை அந்த வீட்டில் மறுபடி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேட்டியைத் தரை தொடும்படி கட்டினேன். சுவரைப் பிடித்துக்கொண்டே நகர்ந்தேன். பாண்டி அதிகாலையிலேயே கோயிலுக்குப் போய்விட்டிருந்தார். வீட்டில் இருந்தவர்களிடம் கால் மரத்துப்போச்சு என்று சொல்லிக்கொண்டு ஆட்டோவில் ஏறிவிட்டேன்.

அவர்களுடைய குலதெய்வக் கோயில் ஒரு தென்னந்தோப்புக்குள் இருக்கிறது. ரோட்டிலிருந்து மண் பாதை. குறுக்கே ஒரு வாய்க்கால், அதன் மேல் ஒற்றைக் கல் பாலம், ஆட்டோ போகாது. கண்ணால் அளந்தேன். நானூறு மீட்டர் குறையாது. ஆட்டோ நின்ற இடத்திலிருந்து கோயில் வரை மாமன் சீர் வரிசையோடு நடந்து வர வேண்டும், முன்னால் மேளம், நடுவில் மாமன், பின்னால் தட்டு ஏந்திய பெண்கள். எல்லாரும் இறங்கி வரிசையாக நின்றுவிட்டார்கள். மேளம் ஆரம்பித்தது. நான் வலது காலைக் கீழே வைத்தேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது. காலை மறுபடி ஆட்டோவுக்குள் இழுத்துக்கொண்டேன்.

மேளம் ஒரு சுற்று வாசித்து முடித்தது. இன்னொரு சுற்று. பிறகு நின்றது. தட்டு வைத்திருந்த ஒரு பெண், “மாமன் இறங்க மாட்டேங்கிறாக” என்றாள். அந்தச் செய்தி தோப்புக்குள் போன வேகம் வாய்க்கால் தண்ணீருக்குக் கிடையாது.

பாண்டியின் பெரியப்பா வந்தார். எங்கேயும் வேட்டியை மடித்துக் கட்டியே நிற்கிற மனிதர். ஆட்டோவுக்குப் பக்கத்தில் வந்ததும் அதை இறக்கிவிட்டுக்கொண்டார். “மருமகனே, என்ன கொறைன்னு சொல்லுங்க. பத்திரிகைல பேரு போட்டாச்சு. ரோட்டுல பிளக்சு வச்சாச்சு. கொட்டு கூப்ட்டாச்சு. எது விட்டுப்போச்சு?”

“ஒரு குறையும் இல்லைங்க. கால் வலிங்க.”

அவர் பின்னால் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். “போன தடவையும் அதானப்பா” என்று ஒரு குரல் கேட்டது. யாரோ சிரித்தார்கள்.

பெரியப்பா கோபப்படவில்லை. கோபித்த மாமனை இறக்க என்னென்ன செய்ய வேண்டுமோ அதையெல்லாம் செய்ய ஆரம்பித்தார். பட்டுத் துண்டு வந்தது; ஆட்டோவுக்குள்ளேயே தலைப்பாகை கட்டினார்கள். கழுத்தில் ஏற்கெனவே கிடந்த மாலைக்கு மேல் பெரியதாக இன்னொன்று வந்தது. வெற்றிலைத் தட்டை நீட்டினார்கள். மேளக்காரர்கள் ஆட்டோவைச் சுற்றி நின்று வாசித்தார்கள். மரியாதை ஏற ஏற என் நிலைமை மோசமானது. இவ்வளவு செய்த பிறகும் இறங்காதவன் எப்பேர்ப்பட்ட கல்நெஞ்சன்! தலைப்பாகையும் இரண்டு மாலையுமாக வேர்த்து வழிய, “நிஜமாவே கால் வலிங்க” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வசந்தி யாழினியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். கண் சிவந்திருந்தது. “அண்ணே, என் மொகத்துக்காகவாச்சும் எறங்கு” என்றாள். அவளும் நம்பவில்லை. என் தங்கையே நம்பவில்லை. விரல் வலியைவிட அது அதிகமாக வலித்தது.

கடைசியில் பாண்டி வந்தார். கூட்டம் விலகி வழிவிட்டது. சாமிக்கு வெட்டப்போகும் கிடாவுக்கு மஞ்சள் பூசிக்கொண்டு நின்றிருப்பார் போல. கையெல்லாம் மஞ்சளாக இருந்தது. ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நாலு வருடத்தில் முதல் தடவையாக நேராகப் பார்த்தார்.

“மச்சான், எம்மேல கோவம்னா என்னைய நாலு அடி அடிங்க. பிள்ளைய எதுக்கு இங்கன வெயில்ல நிக்க வைக்கிறீக? அன்னைக்குப் பத்திரிகைல ஒங்க பேரு தவறிப் போகல. நாந்தான் எழுதாம விட்டேன். கல்யாணத்துல ஒங்க ஆளுக எங்கய்யாவ முன்னால உக்கார வைக்கலன்னு மனசுல கெடந்துச்சு. தப்புதான். இத்தன பேரு முன்னால சொல்றேன், தப்புதான்.”

சொல்லிக்கொண்டே குனிந்தார். என் காலைத் தொடப் போகிறார் என்று எனக்குப் புரிவதற்குள் தொட்டுவிட்டார்.

நான் போட்ட சத்தத்தில் மேளக்காரர் குச்சியைக் கீழே போட்டார். யாழினி அழத் தொடங்கினாள். எந்தக் கோபக்கார மாமனாலும் அப்படி ஒரு சத்தம் போட முடியாது. பாண்டி என் வேட்டியை மெதுவாக விலக்கினார். விரல் பழுத்த தக்காளியாக வீங்கிப் பளபளவென்று இருந்தது. பெரியப்பா எட்டிப் பார்த்துவிட்டு, “ஆத்தாடி” என்றார்.

“அப்பப் போன தடவயும்…” என்றார் பாண்டி.

“இதே விரல்தான் மாப்பிள்ளை.”

நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். ஜெயித்தவன் நான்தான். ஆனால் அவர் அத்தனை பேர் நடுவில் உண்மையைச் சொன்ன பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை. “ஆனா கோபமும் இருந்துச்சு. கால் நல்லா இருந்திருந்தாலும் அன்னைக்கு வந்திருப்பேனான்னு எனக்கே தெரியாது” என்றேன்.

பாண்டி என் வேட்டியை விரலில் படாமல் ஒதுக்கிவிட்டார். பிறகு திரும்பி, “ஏலே, டிவிஎஸ்ஸ எடுத்தாங்கடா” என்று கத்தினார்.

இப்படியாக, பாண்டி வண்டி ஓட்ட, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, வலது காலை வெளியே நீட்டி, தலைப்பாகையோடு நான் பின்னால் உட்கார்ந்து மாமன் சீர் புறப்பட்டது. மேளத்துக்குத் தகுந்த வேகத்தில் அவர் வண்டியை நகர்த்தினார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால், “மச்சான், பள்ளம்” என்று சொல்லிவிட்டு வண்டியை இறக்கினார். கல் பாலத்தில் இரண்டு பேர் வண்டியைத் தாங்கிப் பிடித்தார்கள். எதனால் வருகிறது என்று பாண்டி கேட்டார்; கறி ஆகாது, அதிலும் ஈரல் ஆகவே ஆகாது என்றேன்.

மடி ஒரு பிரச்சினையாக இருந்தது. மாமன் மணையில் சம்மணம் போட்டு உட்கார வேண்டும். என் கால் மடங்காது. நாற்காலி போடலாமா என்று பேச்சு வந்தது. பெரியப்பா சாமி முன்னால் நாற்காலி கூடாது என்றார். இடது காலை மடக்கி, வலது காலை நேராக நீட்டி ஒருமாதிரி உட்கார்ந்தேன். யாழினியை மடியில் வைத்தார்கள். மொட்டை போடுகிறவர் தலையில் தண்ணீர் தெளித்ததுமே பிள்ளை உதைக்க ஆரம்பித்தாள். மூன்று வயதுப் பிள்ளையின் குதிகால் என் விரலுக்கு நேராக வந்து வந்து போனது. நான் பல்லைக் கடித்துக் கண்ணை மூடிக்கொண்டேன். எப்படியும் ஒன்று விழும், விழுந்தால் பிள்ளையைக் கீழே விட்டுவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

ஒன்றும் விழவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தேன். பாண்டி தரையில் மண்டி போட்டு என் காலடியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையையும் குவித்து, தொடாமல், என் விரலுக்கு மேலே கூடை கவிழ்த்தது மாதிரி வைத்திருந்தார். மகளின் உதை எல்லாம் அவருடைய புறங்கையில் விழுந்துகொண்டிருந்தது. முடி இறங்கி, ஆசாரி வந்து, ஒரு காது, இன்னொரு காது, அவ்வளவு நேரமும் கையை எடுக்கவில்லை. கூட்டத்தில் ஒரு கிழவர் உரக்கவே, “என்னப்பா, பாண்டி மச்சினன் கால்ல விழுந்து கெடக்கான்?” என்றார்.

“பாத்துக்கிறட்டும்” என்றார் பாண்டி, நிமிராமலேயே.

எனக்கு அழுகை வந்துவிட்டது. யாழினியும் அழுதுகொண்டிருந்ததால் யாரும் கவனிக்கவில்லை.

பந்தி தோப்பிலேயே. முதல் இலை மாமனுக்கு. அந்தப் பக்கத்தில் கிடா வெட்டினால் ஈரலும் நல்ல சதையுமாக மாமன் இலையில்தான் முதலில் விழ வேண்டும். அதில் குறைந்தால் அடுத்த தலைமுறை வரைக்கும் பேச்சு இருக்கும். பெரியப்பாவே வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? இப்போதுதான் சண்டை முடிந்திருக்கிறது. கை நனைக்காமல் போனான் என்று ஆகிவிடக் கூடாது. ஒரு கரண்டி வாங்கிக்கொள்ளலாம், வருவது வரட்டும் என்று இலையில் தண்ணீர் தெளித்தேன்.

பாண்டி குறுக்கே வந்து வாளியைப் பிடித்துவிட்டார். “பெரியப்பா, மச்சான் எலைல கறி வைக்காதீக.”

பந்தி முழுதும் திரும்பிப் பார்த்தது. மாமன் இலையில் கறி வைக்காதே என்று வீட்டுக்காரனே சொல்வதை அந்த ஊர் அதற்கு முன் கேட்டிருக்காது. பெரியப்பா வாளியைப் பிடித்தபடி, “என்னடா பேசுற?” என்றார்.

“ஒரு துண்டு விழக் கூடாது. நான் பெத்த பிள்ளைக்கு மாமன். நடந்து ஊரு போய்ச் சேரணும்” என்றார் பாண்டி. பிறகு கோயிலுக்குள் போய், சாமிக்குப் படைத்த சோற்றில் கொஞ்சமும் ரசச் சட்டியும் எடுத்து வந்தார். என் இலையில் சோறு வைத்து ரசம் ஊற்றினார். பக்கத்தில் இன்னொரு இலையை அவரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒன்றரை வருடம் அவர் கையால் தழை போட்டு வளர்த்த கிடா அது என்று வசந்தி முதல் நாளே சொல்லியிருந்தாள். வாளி அவர் இலைக்கு வந்தபோது கையை விரித்து மறைத்தார்.

அன்று கிடா வெட்டிய வீட்டில் ரசம் சாதம் சாப்பிட்டவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.